பழைய 650-ஆ, புதிய 400-ஆ: இருவர் செல்லும் நெடும்பயணத்துக்கு ஒரு பைக்

நானும் என் மனைவியும் ஆண்டுக்கு ஐந்தாறு முறை பைக்கிலேயே நெடுந்தூரம் போய்வருகிறவர்கள். கும்பகோணத்திலிருந்து விடியற்காலை நான்கரை மணிக்குக் கிளம்பி, தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல் வழியாக மதியச் சாப்பாட்டுக்குள் கொடைக்கானல் மலையோ போடிமெட்டோ ஏறிவிடுவது எங்கள் வழக்கம். பதினோரு ஆண்டுகளாக எங்களைச் சுமந்த 150 சிசி வண்டிக்கு இனிமேல் ஊருக்குள் ஓடும் வேலை மட்டும் போதும் என்று இந்த ஆண்டு முடிவுசெய்தோம். அடுத்த வண்டிக்கு ஒதுக்கியிருக்கும் தொகை 4 லட்சம் ரூபாய். ஆர்.சி.யில் பெயர் மாறி, காப்பீடு எடுத்து, முதல் சர்வீஸும் முடிந்து, மறுநாள் காலை நம்பிக் கிளம்பும் நிலையில் வண்டி நிற்பதற்கு ஆகும் மொத்தச் செலவு அதற்குள் அடங்க வேண்டும்.

இந்தத் தொகைக்குள் எங்கள் தேவைக்கு உண்மையாகவே பொருந்தக்கூடியவை மூன்றுதான். 2017 அல்லது 2018-இல் பதிவான, பிஎஸ்-4 என்ற பழைய புகை விதியின் காலத்துக் கவாசாகி நிஞ்சா 650 ஒன்றைப் பழையதாக வாங்கலாம். அதைவிடக் குறைந்த விலையில் பழைய ஹோண்டா சிபிஆர் 250ஆர் ஒன்றை வாங்கி மீதிப் பணத்தைச் சேமிக்கலாம். பழைய வண்டியே வேண்டாம் என்று பஜாஜ் டாமினார் 400-ஐப் புதிதாக எடுக்கலாம். ஆயிரம் சிசி வண்டிகளைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. பழைய நிஞ்சா 1000 மிகச் சிறந்த நெடும்பயண வண்டி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தத் தொகைக்குள் கிடைக்கும் ஒன்று ஏதோவொரு வகையில் களைத்துப்போனதாகவே இருக்கும்; நான்கு சிலிண்டர் எஞ்சினின் பழுதை உள்ளூரில் பார்க்கவும் வழியில்லை. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 எனக்குப் பிடித்த வண்டிதான் என்றாலும், அதன் 11 லிட்டர் டேங்கையும் பின்னிருக்கையையும் பார்த்த பிறகு அது தனியாகப் போகிறவருக்கான வண்டி என்று ஒதுக்கிவிட்டேன்.

நாங்கள் தேடும் வண்டிக்கு ஸ்போர்ட் டூரர் என்று பெயர்; அந்த வகையின் அடிப்படை எளிமையானது. வளைவுகளில் பந்தய வண்டியின் உறுதி வேண்டும், ஆனால் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகும் மணிக்கட்டும் தாங்க வேண்டும். 1976-இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட ஆர்100ஆர்எஸ் வண்டியின் முழு ஃபேரிங்கை, அதாவது முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் காற்றுத்தடுப்பு உறையை, இத்தாலியின் பினின்ஃபரினா காற்றுக்குகையில் சோதித்து வடிவமைத்தார்கள். ஓட்டுநரின் மார்பில் மோதும் காற்றை விலக்குவதற்காகவே ஒரு வண்டியின் உடலைச் செதுக்கலாம் என்ற எண்ணம் அதன் பிறகுதான் பரவலாக வேரூன்றியது. நம் நாட்டில் 2003-இல் வந்த 223 சிசி ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, பாதி ஃபேரிங்கோடும் பெரிய டேங்கோடும் அந்த இடத்தை நிரப்பியது. என் வயதுக்காரர்கள் பலருக்கு நெடும்பயண ஆசையை ஊட்டியதும் அந்த வண்டிதான்.

காற்றைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முழு ஒப்பீடும் அதன் மேல்தான் நிற்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது; அதை எதிர்த்து ஓடத் தேவையான திறனோ அதன் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்ப உயர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 110-க்குப் போகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் கூடுகிறது, ஆனால் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது, காற்றுக்காக எஞ்சின் செலவிடும் திறன் இரண்டரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. சிறிய வண்டி 80-இல் சுகமாகவும் 100-இல் திணறலாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். நான்கு வழிச் சாலையில் பேருந்துகளும் கார்களும் 90-க்கும் 110-க்கும் இடையில் ஓடும்போது, அவற்றோடு சேர்ந்து பதற்றமில்லாமல் போக வேண்டுமென்றால் அந்த வேகத்தில் எஞ்சினுக்குக் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

அந்த மிச்சத்தை எப்படி அளப்பது என்று யோசித்து, விளம்பரத்தில் வரும் குதிரைத்திறனை விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் பெட்டிகளோடு ஏறிய பிறகு வண்டிக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் இருவர் எடையும் சாமான்களும் சேர்ந்து சுமார் 150 கிலோ. சிபிஆர் 250ஆர் 167 கிலோ எடையும் ஏறத்தாழ 26.5 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) திறனும் கொண்டது. ஆகவே எங்களோடு சேர்த்து 100 கிலோவுக்கு 8.4 பிஎஸ் கிடைக்கிறது. பயணச் சாதனங்கள் பொருத்தப்பட்ட டாமினார் 193 கிலோ, 40 பிஎஸ். அதில் 100 கிலோவுக்கு 11.7 பிஎஸ். 2017-இல் புது வடிவம் பெற்ற நிஞ்சா 650-உம் அதே 193 கிலோதான், ஆனால் 68 பிஎஸ். 100 கிலோவுக்கு 19.8 பிஎஸ் வருகிறது. 373 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியும் 649 சிசி இரட்டை சிலிண்டர் வண்டியும் எடையில் ஒன்றாக நிற்பதைப் பார்த்தபோது, பெரிய வண்டி கனமாக இருக்கும், மனைவியை வைத்துக்கொண்டு நிறுத்தித் திருப்ப முடியாது என்று எனக்குள் இருந்த பயம் பெரும்பாலும் போய்விட்டது.

இந்த எண்கள் எங்கே உதவும் என்றால் நான்கு வழிச் சாலையில் அல்ல. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் இடத்திலும், திருவையாறு போன்ற ஊர்களின் இருவழிச் சாலைகளிலும்தான். அரசுப் பேருந்துக்குப் பின்னால் 50-இல் போய்க்கொண்டிருக்கிறோம், எதிரே 300 மீட்டர் வெற்றுச் சாலை தெரிகிறது. இப்போது 50-இலிருந்து 85-க்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் எதிர்ப்பக்கச் சாலையில் எத்தனை வினாடி நிற்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. என் 150 சிசி வண்டியில் அந்த வினாடிகள் மிக நீளமானவை. பல முறை முந்தாமலே பேருந்தின் புகையைக் குடித்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் போயிருக்கிறேன். மனைவி பின்னால் இருக்கும்போது முந்துவதா வேண்டாமா என்ற தயக்கமே ஒருவிதக் களைப்பு.

சிபிஆர் 250ஆர் எனக்கு மிகவும் மரியாதையுள்ள வண்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-இல் அது இந்தியாவுக்கு வந்தபோது, திரவக் குளிர்விப்பு, நான்கு வால்வு, அவற்றைத் திறந்து மூடும் இரட்டை கேம்ஷாஃப்ட், விரும்பினால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் என்று அந்த விலையில் வேறு யாரும் தராததைத் தந்தது. அதன் வால்வு அமைப்பில் ரோலர் ராக்கர் இருப்பதால், கேம்ஷாஃப்ட்டைக் கழற்றாமலே ஷிம்மை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகட்டை, மாற்ற முடியும். பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது சிறிய விஷயமல்ல, ஏனென்றால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கும் வேலையைத் திறமையான உள்ளூர் மெக்கானிக்கே செய்துவிடலாம். உட்காரும் நிலை நேராக இருக்கும், 13 லிட்டர் டேங்க், பின்னிருக்கையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் உண்டு. தனியாகப் போகிறவர், 90-ஐத் தாண்ட விரும்பாதவர், இரண்டு லட்சத்துக்குள் முடிக்க வேண்டியவர் என்னிடம் கேட்டால், நன்றாக வைத்திருந்த சிபிஆர் ஒன்றைத் தேடச் சொல்வேன். ஆனால் 2020-இல் பிஎஸ்-6 விதி வந்தபோது அந்த வண்டி நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று வாங்கினால் கடைசி ஆண்டு வண்டிக்கே ஐந்து வயது தாண்டியிருக்கும், சந்தையில் அதிகம் தென்படுபவை பத்து வயதைத் தாண்டியவை. எஞ்சின் பாகங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரு சின்ன விழுதலில் உடையும் ஃபேரிங் பேனலுக்கும் அதன் பிளாஸ்டிக் பூட்டுகளுக்கும் ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம், சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய உதிரிபாகங்களைத் தேடி அலையவும் நேரலாம். அதோடு ஒற்றை சிலிண்டர் 250 சிசி எஞ்சின் 100 கிலோமீட்டர் வேகத்தில் அதிகச் சுழற்சியிலேயே நிற்கும். அந்த அதிர்வு மூன்றாவது மணி நேரத்தில் உள்ளங்கையில் தெரியும்.

டாமினாரின் பக்கம் நிற்கும் காரணங்கள் வேறு வகையானவை. 2016 டிசம்பரில் வந்த வண்டி 2019-இல் இரட்டை கேம்ஷாஃப்ட்டும் தலைகீழ் முன் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் அதிர்வுதாங்கிக் குழாய்கள்) பெற்று 40 பிஎஸ் ஆனது; 2021 அக்டோபரிலிருந்து உயரமான விண்ட்ஸ்கிரீன், கைக்காப்பு, கேரியர், சாய்மானம் எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. அதாவது நிஞ்சா 650 வாங்கிவிட்டு நான் தனியாகக் கடைகடையாகத் தேடிப் பொருத்த வேண்டியவற்றில் பாதி இதில் ஏற்கெனவே இருக்கிறது. வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 157 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதும் எங்கள் பகுதிக்கு முக்கியம். நிஞ்சா 650-க்கு அது 130 மில்லிமீட்டர்தான். டெல்டா கிராமங்களில் ஊருக்கு ஊர் தாங்களாகவே போட்டுக்கொண்ட வேகத்தடைகள் மேல் இருவரோடு அந்த வண்டியை ஏற்றும்போது அடிப்பகுதி உரசுமோ என்ற எண்ணம் வந்துகொண்டேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பஜாஜ் பணிமனை வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.

ஆனால் புதிய வண்டியின் விலையில் வரியின் பங்கு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-இலிருந்து 350 சிசிக்குள் இருக்கும் இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கோ செஸ் சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40 ஆக உயர்ந்தது. 373 சிசி என்ற ஒரே காரணத்தால் டாமினார் அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் நிற்கிறது. அதன் மேல் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள புதிய இருசக்கர வாகனத்துக்கு 12 சதவீத வாழ்நாள் வரி. புதிய வண்டியைப் பதிவுசெய்யும்போதே ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம் ஐந்தாண்டுக்கு 15,117 ரூபாய். பழைய வண்டியில் இந்த வாழ்நாள் வரியை முதல் உரிமையாளரே கட்டிவிட்டார், விலைச் சரிவின் பெரும்பங்கையும் அவரே சுமந்துவிட்டார். புதிய நிஞ்சா 650-இன் ஷோரூம் விலையே இன்று ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது என்பதை வைத்துப் பார்த்தால், எட்டு வயது வண்டிக்கு நான் கொடுக்கும் தொகை அநியாயமாகத் தெரியவில்லை.

பழைய பெரிய பைக்குகளைத் தேடத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. விற்பனைக்கு வரும் நிஞ்சாக்களில் கணிசமானவை மிகக் குறைவாக ஓடியவை. 2018 பதிவு, ஓடியது 6,000 கிலோமீட்டர் என்று விளம்பரம் வரும். வாங்குகிறவர்களும் அதற்கே கூடுதல் விலை தரத் தயாராக இருக்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். எட்டு ஆண்டில் 6,000 கிலோமீட்டர் என்றால் அந்த வண்டி மாதக்கணக்கில் போர்வைக்குள் நின்றிருக்கிறது. நின்ற வண்டியில் பேட்டரி சாகும், டயர் ரப்பர் இறுகும், ஃபோர்க்கின் ஆயில் சீல் காய்ந்துபோய் ஓடத் தொடங்கியதும் கசியும், பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளே காலிப்பர் பிஸ்டனை அரிக்கும். பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் அல்ல. 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது. பிஎஸ்-4 காலத்து வண்டிகள் அந்த அளவு கலப்பை மனத்தில் வைத்து உருவாக்கப்படாதவை, ஆகவே பாதி நிரம்பிய டேங்கோடு ஆறு மாதம் நின்ற வண்டியின் டேங்க் உட்புறத்தையும் எரிபொருள் குழாய்களையும் விளக்கடித்துப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. இதே வண்டி 30,000 கிலோமீட்டர் ஓடி, ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய ரசீதோடு வந்தால், நான் அதையே தேர்ந்தெடுப்பேன். இந்த 649 சிசி எஞ்சின் உலகம் முழுவதும் நெடும்பயணம் செய்கிறவர்கள் அதிகம் ஓட்டித் தேய்த்துப் பார்த்த எஞ்சின். ஒழுங்காக ஆயிலும் கூலண்டும் மாற்றினால் 30,000 அதற்குப் பாதி வயதுகூட இல்லை.

ஓடிய தூரத்தை மீட்டர் சொல்வதை வைத்து மட்டும் நம்பவும் முடியாது. டிஜிட்டல் மீட்டரைத் திருத்த முடியும், மீட்டரையே மாற்றவும் முடியும். ஆனால் திருத்த முடியாத சாட்சிகள் வண்டியிலேயே இருக்கின்றன. பிரேக் டிஸ்க்கின் மேல் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியர் காலிப்பரால் அளந்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. 2018 வண்டியில் 9,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும்போது டயர் 2023-இல் தயாரானதாக இருந்தால், ஒன்று பழைய டயர் காய்ந்துபோய் மாற்றியிருக்க வேண்டும், அல்லது மீட்டர் சொல்வது உண்மையாக இருக்கக் கூடாது. எதுவானாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்க ஃபேரிங்கைப் பார்ப்பதில் பயனில்லை, அதைப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாம். கிளட்ச், பிரேக் லீவர்களின் உருண்டை முனைகள், கால்வைக்கும் கட்டையின் ஓரம், எஞ்சின் மூடியின் அடிப்பக்கம், ஹேண்டில்பார் முழுவதும் திரும்பும்போது சட்டத்தில் முட்டும் அந்தச் சிறிய நிறுத்தி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்த நிறுத்தி நசுங்கியோ உடைந்தோ இருந்தால் வேகமாக விழுந்த வண்டி என்று முடிவுசெய்து திரும்பி வந்துவிட வேண்டும். எவ்வளவு விலை குறைத்தாலும் சரி. வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் மேல் கை வைத்துப் பார்ப்பது என் முதல் வேலை. சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வரக்கூடிய ஏதோ ஒரு சத்தத்தை மறைப்பதற்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். அது ஆறும்வரை காத்திருந்து பார்ப்பதுதான் முறை.

ஆவணங்களைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன், பட்ட அனுபவம் அப்படி. 2012-இல் நான் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். கடன் முழுவதும் கட்டி முடித்தாயிற்று என்று விற்றவர் சொன்னதும் உண்மைதான், ஆனால் ஆர்.சி.யில் இருந்த கடன் பதிவை அவர் நீக்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் அந்த ஊர்க் கிளையை மூடிவிட்டிருந்தது. கடன் பதிவை நீக்கும் படிவம் 35-இல் அவர்கள் கையெழுத்து வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் வண்டி என்னிடம் இருந்தது, சட்டப்படி என்னுடையதாக இல்லை. ஆகவே இப்போது வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்.சி.யின் விவரத்தை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுகிறேன். கடன் பதிவு இருந்தால் அது நீங்கிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

தரகர் மூலம் வாங்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. முதல் உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குகிறவர் பெயரை எழுதாமல் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் முதல் பெயரே இருக்கும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவர் பயப்பட வேண்டிய தீர்ப்பு அது; வாங்குகிறவரும் பயப்பட வேண்டும், ஏனென்றால் அந்த இடைப்பட்ட ஓட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஆர்.சி.யில் பெயருள்ளவரை நேரில் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

பெங்களூருவிலும் கேரளத்திலும் விலை குறைவாக இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப வாழ்நாள் வரியை மீண்டும் கட்ட வேண்டும், அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டுத் தனியாக விண்ணப்பித்து அலைய வேண்டும். விலையில் கிடைக்கும் லாபம் இதில் கரைந்துபோகும். எனவே தமிழ்நாட்டுப் பதிவு வண்டிகளை மட்டுமே பார்க்கிறேன். காப்பீட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பாலிசி வண்டியோடு வரும், ஆனால் கோரிக்கை செய்யாததற்கான தள்ளுபடி பழைய உரிமையாளரோடு போய்விடும். ஆகவே அவர் கட்டிய பிரீமியத்தைப் பார்த்து அடுத்த ஆண்டும் அவ்வளவுதான் ஆகும் என்று கணக்கிடக் கூடாது.

இனி, நிஞ்சா 650-க்கு எதிராக நிற்கும் மிகப் பெரிய காரணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அதற்கான அதிகாரபூர்வப் பணிமனை இல்லை. கம்பெனி சர்வீஸ் என்றால் கோவைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். சென்னை என்றால் ஒரு வழிக்கே சுமார் 300 கிலோமீட்டர். ஆயில், ஃபில்டர், செயின், பிரேக் பேட், கூலண்ட் ஆகியவற்றை இங்கே நான் பல ஆண்டுகளாக நம்பும் மெக்கானிக் செய்துவிடுவார், பாகங்களை முன்கூட்டி வரவழைத்துக் கொடுத்தால் போதும். வால்வு இடைவெளி பார்ப்பதும், மின்னணுக் கோளாறைக் கணினி இணைத்துப் பார்ப்பதும் இங்கே முடியாது. அந்த வேலைகளுக்காக ஆண்டுக்கு ஒரு முறை சென்னைப் பயணம் என்று வைத்துக்கொண்டால், அதையே ஒரு பயணமாகவும் மாற்றிக்கொள்ளலாம் என்று என் மனைவி சொல்கிறார். அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வண்டி திடீரென்று வழியில் நின்றால் அந்தச் சமாதானம் உதவாது. டாமினாருக்குத் தேனியிலும் ஒரு பணிமனை கிடைக்கும், நிஞ்சாவுக்குக் கிடைக்காது. வாடகை வண்டியில் ஏற்றிச் செல்லும் செலவைத் தாங்க மனம் தயாராக இல்லாதவர், சாலையோர உதவித் திட்டம் எதிலும் சேர விரும்பாதவர், பழைய 650-ஐ வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

அதே காரணத்தால்தான் 4 லட்சத்தையும் வண்டிக்கே கொடுக்க நான் தயாராக இல்லை. 60,000 ரூபாயை முதல் மாதத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். முன்னால் 120/70, பின்னால் 160/60 அளவில் 17 அங்குல ரேடியல் டயர்கள் இரண்டும் ஐந்து வயதுக்கு மேற்பட்டிருந்தால், அவற்றின் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் சாலையின் பாதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள். வளைவுக்கு அப்பால் அது திடீரென்று தெரியும்போது டயரும் ஏபிஎஸ்ஸும்தான் துணை, அங்கே இறுகிப்போன ரப்பரை நம்ப முடியாது. டயர் தவிர செயின் செட், பேட்டரி, எல்லாத் திரவங்களும், ஃபோர்க் சீலும் அந்தப் பணத்துக்குள் அடங்க வேண்டும். ஆக வண்டிக்கு நான் தரக்கூடிய உச்ச விலை 3 லட்சத்து 25 ஆயிரம், பெயர் மாற்றத்துக்கும் காப்பீட்டுக்கும் 15,000. அதற்கு மேல் கேட்கும் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் என் வண்டி அல்ல. இந்த விலைக்கு நான் சொன்ன நிலையில் வண்டி கிடைப்பது எளிதல்ல என்பதையும் அறிவேன்.

இவ்வளவையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தபோது என் மனம் ஏன் இன்னும் 650 பக்கம் சாய்கிறது என்றால், ஆண்டுக்கு நாங்கள் இருவருமாக ஓடும் நெடுஞ்சாலைத் தூரம் 7,000 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தத் தூரம் முழுவதும் இரட்டை சிலிண்டரின் அமைதியும், முந்தும்போது குறையும் வினாடிகளும், நாள் முடிவில் குறையும் களைப்பும் எங்களுக்குப் பயன்படும். ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் போகிறவருக்கு அதே வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். அவரிடம் அது போய் நிற்கும், நான் மேலே சொன்ன 6,000 கிலோமீட்டர் வண்டியாக இன்னொருவரிடம் வந்து சேரும். அவருக்கு டாமினார்தான் சரி, அதுவும் உத்தரவாதத்தோடு.

முடிவு என் ஒருவனுடையது அல்ல என்பதால் இன்னும் ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. நிஞ்சா 650-இன் பின்னிருக்கை உயரமானது, சிறியது, நேராகப் பிடித்துக்கொள்ள வசதி குறைவானது. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. எனவே விற்பவர் சம்மதித்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இருவருமாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது என்றும், இறங்கியபின் மனைவியின் முகத்தைப் பார்த்தே முடிவெடுப்பது என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். மயிலாடுதுறையில் ஒரு 2018 வண்டி இருக்கிறது. 31,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரே உரிமையாளர், ரசீதுகள் இருக்கின்றன என்கிறார் விற்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறோம், அதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் பொருந்தாமல், பொங்கலுக்குள் வேறு வண்டியும் அமையாமல் போனால், டாமினாருக்கு முன்பதிவு செய்துவிடுவோம்.